பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்போம்

உங்கள் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுக்கிறது அல்லவா? தந்துகிகள் என்னும் நுண்குழாய்களில் இரத்தம் தடைபடுவதே காரணம். விரலை எடுத்தால் நிறம் திரும்பும்.

தூக்கத்திலும் நாம் புரள்கிறோம். பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ படுத்த படுக்கையான பாட்டியால் அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசுங்குகிறது. தோலின் தந்துகிகளில் இரத்தம் நுழையும் முனையில் அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசம்தான் என்று லாண்டிஸ் 1930இல் அளந்து கூறினார். வெளி அழுத்தம் மிகுந்து நீடித்தால் ஆக்சிஜனின்றித் திசு இறக்கும். அதுவே படுக்கைப் புண்.

இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் ஆகியவற்றைத் தினமும் கவனியுங்கள். சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லையா? அதுதான் முதல் எச்சரிக்கை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் தேய்த்து அழுத்தி விடுவது தவறு. நசுங்கிய திசு மேலும் சிதையும்.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இழுக்காமல் தூக்கி மாற்ற வேண்டும். மதுரை வெயிலில் முதுகு வியர்த்து ஊறும். ஈரத்தை ஒற்றி எடுங்கள். மேலூரோ உசிலம்பட்டியோ, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் புண்ணைக் காட்டுங்கள்.

தூக்குவது பெரியவர்கள் வேலை. கடிகாரம் பார்த்து நினைவூட்டுவது உங்கள் வேலை. சுவரில் இன்றே ஓர் அட்டவணை ஒட்டலாமே!