செக் இன்ஜின் லைட் எரியுதா? பழைய ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கிறவங்க பர்ஸைத் திறக்கும் முன்னாடி இதைப் படிங்க!

டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது கால் கெஞ்ச ஆரம்பிச்சதும், எல்லோருக்கும் ஆட்டோமேட்டிக் கார் ஆசை வந்துடும். புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கும். அதனால எட்டு, பத்து வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் காரை வாங்கியிருப்பீங்க. எல்லாம் நல்லா போயிட்டிருக்கும்போது, ஒருநாள் மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். 'போச்சுடா, கியர்பாக்ஸ் காலி!'ன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. நூறு ரூபாய் ரப்பர் குழாய் விரிசல் விட்டாலும் அதே விளக்குதான் எரியும்; பெரிய செலவு வெச்சாலும் அதே விளக்குதான். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்காம எதையும் மாத்தச் சொல்லாதீங்க. தெரிஞ்சுக்கிறது எப்படி?

எரியுதா, சிமிட்டுதா?

விளக்கு சிமிட்டாம எரிஞ்சு, கார் வழக்கம்போல ஓடினா பதற வேண்டாம். ஓரிரு நாளுக்குள்ள செக் பண்ணினா போதும்.

விளக்கு சிமிட்டினா கதை வேற. இன்ஜினோட ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலை, அதாவது மிஸ்ஃபயர்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய், அதை அளவுக்கு மீறி சூடாக்கி வீணாக்கிடும். அது விலை அதிகமான பாகம். அதனால ஆக்ஸிலரேட்டரைக் குறைச்சு, பாதுகாப்பான இடத்துல ஓரம் கட்டுங்க.

சிவப்பு நிறத்துல ஆயில் விளக்கோ, டெம்பரேச்சர் விளக்கோ எரிஞ்சா யோசிக்கவே வேண்டாம். உடனே நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க.

அழிக்காதீங்க, முதல்ல படிங்க

பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா விளக்கு அணைஞ்சுடும்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. அணையலாம். ஆனா கோளாறு எப்போ வந்தது, அப்போ இன்ஜின் எவ்வளவு சூடா இருந்தது, என்ன வேகத்துல போச்சுங்கிற பதிவும் சேர்ந்து அழிஞ்சுடும். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுற மாதிரிதான் இது. சில ஆட்டோமேட்டிக் கார்கள்ல கியர் மாத்துறதுக்காகக் கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட விஷயங்களும் அழிஞ்சுபோய், கொஞ்ச நாளைக்குக் கார் குலுங்கிக் குலுங்கி ஓடும்.

இந்தியாவுல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான கார்கள்ல ஓபிடி-2 வசதி இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்துல 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கான்னு பாருங்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ப்ளூடூத் அடாப்டரை அதுல மாட்டி, போன்ல ஒரு ஆப் போட்டா, எரர் கோடு திரையில வந்துடும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

கோடு கைகாட்டுற இடம் வேற, கோளாறு வேற

பெரும்பாலானவங்க பணத்தை விடுறது இங்கதான். 'பி0420' வந்தா கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம். அதைப் பார்த்ததும் கன்வெர்ட்டரையே மாத்தச் சொல்வாங்க. ஆனா ஆக்ஸிஜன் சென்சார் பழுதானாலும், எக்ஸாஸ்ட் பைப்ல கசிவு இருந்தாலும் இதே கோடு வரும். 'பி0171' வந்தா பெட்ரோலுக்குத் தேவையான அளவை விடக் காத்து அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். பழைய கார்கள்ல இன்ஜின் சூட்டுல காய்ஞ்சுபோன ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தாலே போதும், இது வந்துடும்.

'பி0301'னா முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் இருக்கிற கார்னா, முதல் சிலிண்டர் காயிலை ரெண்டாவதுக்கு மாத்திப் போடச் சொல்லுங்க. கோடும் 'பி0302'னு மாறினா காயில்தான் பிரச்னை. மாறலைன்னா ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர்னு அடுத்ததைப் பார்க்கணும். இந்த டெஸ்ட்டுக்குப் புது பார்ட் எதுவும் வாங்கத் தேவையில்லை.

பேட்டரி பலவீனமா இருந்தாலும் சம்பந்தமே இல்லாத கோடுகள் வரிசையா வரும். அதனால நாலஞ்சு கோடு ஒண்ணா வந்தா, முதல்ல பேட்டரியை டெஸ்ட் பண்ணிடுங்க.

பி0700 வந்தா?

ஆட்டோமேட்டிக் கார்ல பலரையும் பயமுறுத்துற கோடு இது. உண்மையில இதுக்கு, 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ பதிவாகியிருக்கு, அதைப் போய்க் கேளு'ன்னு மட்டும்தான் அர்த்தம். விலை குறைஞ்ச அடாப்டர் பலதுக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கத் தெரியாது. அதைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிற வொர்க் ஷாப்புக்குப் போகணும். பி0700-ஐ மட்டும் காட்டி, 'கியர்பாக்ஸைப் பிரிக்கணும்'னு சொன்னா ஒத்துக்காதீங்க.

உங்க கார்ல இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்னும் தெரிஞ்சுக்கோங்க. 2014-ல மாருதி செலேரியோவுல வந்து பிரபலமான ஏஎம்டி, அடிப்படையில சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நமக்குப் பதிலா ஒரு கருவி கிளட்ச்சை இயக்கி, கியரை மாத்துது. அதுல கிளட்ச் தேயும். அந்தக் கருவியிலயும் கோளாறு வரும். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி கியர்பாக்ஸ்கள்ல ஆயிலோட நிலைமை ரொம்ப முக்கியம். ஆயில் கறுத்து, தீய்ஞ்ச வாடை அடிச்சா உள்ளே தேய்மானம் இருக்குன்னு அர்த்தம். ஆயில் மாத்தும்போது மேனுவல்ல சொன்ன ரகத்தைத்தான் ஊத்தணும். சிவிடி-யில வேற ஆயில் ஊத்தினா கியர்பாக்ஸுக்கே ஆபத்து.

கார் ஒரே கியர்ல மாட்டிக்கிட்டு வேகம் எடுக்கலையா? அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்கிற லிம்ப் மோடு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் போராடாதீங்க. கயிறு கட்டி இழுக்கவும் விடாதீங்க. இன்ஜின் ஓடினாதான் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஆயில் சுத்தும். ஆஃப்ல இருக்கும்போது சக்கரம் உருண்டா உள்ளே வறண்டுபோய்த் தேயும். நாலு சக்கரத்தையும் தூக்கி வெக்கிற ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியை ஆன் பொசிஷன்ல மட்டும் வெச்சுப் பாருங்க. செக் இன்ஜின் விளக்கு எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். முதல்ல எரியவே இல்லைன்னா, விளக்கையே யாரோ செயலிழக்க வெச்சிருக்கலாம்.

அடாப்டர் மாட்டி, ஆப்ல 'ரெடினெஸ்' பகுதியையும் பாருங்க. பல சோதனைகள் 'முடியலை'ன்னு காட்டினா, கோடை சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ஏன்னு விற்கிறவர்கிட்ட கேளுங்க. சில நாள் ஓட்டின பிறகு மறுபடி ஸ்கேன் பண்ணாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வொர்க் ஷாப்ல கேட்க வேண்டிய மூணு கேள்வி

1. என்ன கோடு வந்திருக்கு? இன்ஜின்லயா, கியர்பாக்ஸ்லயா?

2. இந்தப் பார்ட்தான் பழுதுன்னு எந்த டெஸ்ட் பண்ணி உறுதி செஞ்சீங்க?

3. கழட்டின பழைய பார்ட்டை என்கிட்ட கொடுப்பீங்களா?

ரெண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரலைன்னா, ஸ்க்ரீன்ஷாட்டோட இன்னொரு வொர்க் ஷாப்புக்குப் போங்க. கார் நல்லா ஓடுற வரைக்கும் அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.