கைவேலை அறையில் ஓர் அடுக்குக் கார்டு



ஒவ்வொரு டிசம்பரிலும் நமது மருத்துவமனையின் கைவேலை அறையிலிருந்து உங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. இவ்வாண்டு வரும் அட்டை சற்றுத் தடிப்பாக இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் வாசற்படிகளைப் போல மூன்று நிலைகள் தட்டுப்படும். அது செய்யப்படும் விதத்தையும், இந்த முறையை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். "சிவகாசியில் அச்சிட்டால் மலிவாக முடிந்துவிடுமே" என்று கடிதம் எழுதிய நண்பர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ரப்பர் ஸ்டாம்ப் கொண்டு வீட்டிலேயே கார்டு செய்கிறவர்கள் ஏராளம். அவர்களிடையே பரவிய முறை இது. 'ட்ரிபிள் டைம்' என்று பெயர் சொல்லுகிறார்கள். முதலில் தடித்த அட்டை ஒன்றை நடுவில் மடித்து 4¼ அங்குல அகலமும் 5½ அங்குல உயரமுமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெள்ளைத் தாளில் மூன்று துண்டுகள்: பெரியது 4க்கு 5¼, நடுத்தரம் 3க்கு 4¼, சிறியது 2க்கு 3¼. இவற்றை நடு மையம் பார்த்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பின்னால் எளிதில் பிரிந்து வரும்படி இலேசாக ஒட்ட வேண்டும். சாதாரண டேப்பை வேட்டித் துணியில் இரண்டு முறை ஒற்றி எடுத்தால் அதன் பிடிப்புக் குறைந்துவிடும், அது போதும்.

இப்போது மூன்று தாள்களின் மேலும் படரும்படி பூங்கொடி ஸ்டாம்பை அழுத்துகிறோம். கொடியின் அடி பெரிய தாளிலும், நடுத்தண்டு அடுத்த தாளிலும், மொட்டு சிறிய தாளிலும் விழும். மை உலர்ந்தபின் மூன்றையும் பிரித்துவிட வேண்டும். நடுத்தரத்துக்கும் சிறியதற்கும் அடியில், கால் அங்குலம் பெரிய வண்ணத் தாளை ஒட்டினால் சுற்றிலும் அரைக்கால் அங்குலம் கரை தெரியும். பெரிய தாளை மடித்த அட்டையின்மேல் ஒட்டி, மற்ற இரண்டையும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தால் கார்டு தயார்.

வண்ணக் கரை வரும் இடத்தில் கொடி மறைந்து, அதைத் தாண்டித் தொடர்கிறது. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் நிற்கும் வேப்பமரத்தை நாம் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலக் கண்ணே அதை இணைத்துக்கொள்ளுகிறது. ஆனால் ஒரு தாள் நூலளவு விலகி ஒட்டப்பட்டாலும் தண்டு முறிந்ததுபோல் காணும். ஆகவே பிரிப்பதற்கு முன் மூலைகளில் பென்சிலால் மெல்லிய புள்ளி வைப்பது நலம்.

சொல்லும்போது எளிதாயிருக்கிற இந்த வேலையில் தொல்லை தருவது படியின் விளிம்புதான். தாள் தடிப்பாயிருந்தால் ரப்பர் மேல்தாளின் விளிம்பில் தங்கிவிடும். கீழ்த்தாளைத் தொடாமல் அங்கே வெள்ளைக் கோடு விழும். எனவே ஸ்டாம்ப் பதியும் மூன்று தாள்களும் மெல்லியனவாக, 120 ஜி.எஸ்.எம். அளவில் இருக்க வேண்டும். தடிமனை அடி அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். கீழே மெத்தென்ற ஏதாவது ஒன்றும் வேண்டும். நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்குச் செருப்புத் தைக்கும் எம்.சி.ஆர். ரப்பரில் மிஞ்சிய துண்டை விரித்து, அதன்மேல் வைத்து அழுத்தினால் விளிம்பிலும் மை இறங்கிவிடுகிறது.

இனி கைகளைப் பற்றி.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ கிருமியை ஒழித்துவிடும். மாண்டுபோன நரம்பின் உணர்வை அது திருப்பித் தருவதில்லை. 2005இன் முடிவில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக நம் நாடு அறிவித்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. நோய் தீர்ந்தும் மரத்துப்போன கைகளோடு வாழ்கிறவர்கள் அதற்கு மேல்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், இந்த விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் சூடும் கீறலும் கவனிக்கப்படாமல் போகின்றன. அதனாலேயே விரல் தேய்கிறது. அவரே தச்சு வேலை கற்றவர். அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு மர பொம்மை செய்யக் கற்பித்தார். நாம் பேனாவைப் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் போதும் என்பதை விரல் நுனி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் நின்றுபோன கை, சுத்தியலையும் சாவியையும் தேவைக்குப் பல மடங்கு இறுக்கிப் பிடிக்கும். தோல் கன்றிச் சிவந்தாலும் அதற்குத் தெரியாது.

முன்பு எங்கள் அறையில் பூக்களைக் கத்தரித்து, அடியில் ஸ்பாஞ்சு வைத்து உயர்த்தி ஒட்டும் கார்டு செய்துவந்தார்கள். அழகுதான். ஆனால் மடங்கிய விரல்களால் வளைவு வளைவாகக் கத்தரிப்பது கடினம்; கத்தரிக்கோலின் வளையம் கட்டைவிரலின் அடியில் பதிந்து புண்ணாக்கும். அடுக்குக் கார்டிலோ எல்லாம் நேர்வெட்டு. ஊழியர் ஒருவரே கட்டரில் மொத்தமாக வெட்டி வைத்துவிடலாம்.

எங்களுக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஸ்டாம்பின் பதிவே அழுத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதிகம் அழுத்தினால் கோடு தடித்து, ஓரம் கசிந்து நிற்கும். குறைந்தால் மங்கலாகும். சாய்த்து அழுத்தினால் படியின் ஒரு விளிம்பில் மட்டும் வெள்ளை விழும். கை சொல்லாததைத் தாள் சொல்லுகிறது. அதைக் கண் படித்துக்கொள்ளுகிறது. ஸ்டாம்பின் மரக்கட்டையை விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கை முழுவதும் தாங்கும்படி, அகலமான பிடி வைத்து அதற்கும் எம்.சி.ஆர். சுற்றியிருக்கிறோம். வேலை முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, சிவப்போ சூடோ உண்டா என்று சோதிக்க வேண்டும். அது அறையின் சட்டம்.

குடியாத்தம் பக்கத்துத் தாயார் ஒருவர் வந்திருக்கிறார். சிறு வயதில் தீப்பெட்டி ஒட்டியவர். நாங்கள் வைத்திருந்த மைதாப் பசையைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "ஐயரே, இது ரொம்பத் தண்ணியா இருக்கு, தாளு சுருண்டுக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. காகிதத்துக்கும் மரத்தைப்போல நார் ஓட்டம் உண்டு. ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கே விரியும். எல்லா அடுக்குகளிலும் ஓட்டம் ஒரே திசையில் இருந்தால்தான் கார்டு முறுக்கிக்கொள்ளாது. தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும் பக்கத்தின் மடிப்புக்கோடே அந்த ஓட்டம். நாம் கார்டு செய்வதோ வடகிழக்குப் பருவமழைக் காலம். கெட்டிப் பசையை மெல்லப் பூசி, பழைய பதிவேடுகளை மேலே ஏற்றி ஓர் இரவு வைத்துவிடுகிறோம். பூச்சிக்காகப் பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. புண்பட்ட கைகளுக்கு அது ஆகாது என்பதால் சேர்ப்பதில்லை.

அந்தத் தாயாரின் முதல் நாள் கார்டுகளில் கொடி முழுவதும் மை கசிந்திருந்தது. மூன்றாம் வாரத்தில் விளிம்பிலும் சீராக விழுந்தது. வீட்டுக்குப் போனபின் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கப்போகிறவை அதே கைகள். பிடிதுணி எடுத்தோமா என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். சிவகாசி அட்டை இதைவிட மலிவு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இந்தக் கார்டில் லாபமும் இல்லை. பார்த்துப் பார்த்து வேலை செய்யும் பழக்கத்துக்காகவே அந்தச் செலவு.

வயதில் மூத்த நண்பர்களுக்கு ஒரு செய்தி. அயர்லாந்தில் டௌன் பேராலயத்தின் டீனாயிருந்த பாட்ரிக் டெலனியின் மனைவி மேரி, கணவர் 1768இல் மறைந்தபின், 72ஆம் வயதில் வண்ணத் தாள் துண்டுகளைக் கறுப்புப் பின்னணியில் அடுக்கி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில், பார்வை மங்கி நிறுத்தும்வரை, 985 படங்கள். அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்க விரும்பினால் ரப்பர் ஸ்டாம்பு வாங்க வேண்டியதில்லை. முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்திதழ்ப் பூ கிடைக்கும். நமது அறைக்கு இப்போது தேவை கரைக்கான வண்ணத் தாள். உங்கள் வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை அனுப்பிவைத்தால் உதவியாயிருக்கும். ஒரு பக்கமாவது எழுத்தில்லாமல், 3¼க்கு 4½ அங்குலம் வெட்டக்கூடிய அளவில் இருக்கட்டும். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சுள்ளவற்றில் பசை பிடிப்பதில்லை, அவற்றை விட்டுவிடுங்கள்.