பிட்டைப் படிச்சா அது அழிஞ்சிடாதா?

என்னோட முதல் இன்டர்வியூல இருந்தே ஆரம்பிக்கிறேன். "ஒரு பிட்டை எப்படி சேமிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சந்தோஷமா ரெண்டு இன்வர்ட்டர் வரைஞ்சேன். முதலாவதோட வெளியீடு ரெண்டாவதுக்குப் போகும், ரெண்டாவதோட வெளியீடு திரும்ப முதலாவதுக்கே வரும். ஒரு பக்கம் 1 இருந்தா மறுபக்கம் 0. அந்த 0தான் இந்தப் பக்கத்தை 1-லயே பிடிச்சு வெச்சிருக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் மாறாது. இதுதான் லாட்ச். எக்கிள்ஸ், ஜோர்டன்னு ரெண்டு பேர் 1918-லயே வால்வை வெச்சு இதே யோசனைக்குப் பிரிட்டன்ல காப்புரிமை கேட்டிருக்காங்க.

"சரி, இப்ப அதைப் படிங்க"ன்னாங்க.

"ஒரு வயர் போட்டுப் பார்த்துடலாம் சார்."

"வயர் போட்டா உள்ள இருக்கிறது கெட்டுப்போகாதா?"

எனக்குப் பதில் வரலை. வேலையும் வரலை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? ப்ராசசர் பக்கத்துல இருக்கிற கேச் மெமரியில 32 கேபி-ன்னு வெச்சுக்கோங்க. அது 2,62,144 பிட். ஒவ்வொண்ணுக்கும் தனி வயர் இழுக்க முடியாது. அதனால லாட்ச்சுகளை வரிசையும் பத்தியுமா அடுக்குறாங்க. ஒரு லாட்ச்சுல 4 டிரான்சிஸ்டர். அதோட ரெண்டு பக்கமும் கதவு மாதிரி ஒவ்வொரு டிரான்சிஸ்டர். மொத்தம் 6. ஒரு வரிசையில இருக்கிற எல்லாக் கதவையும் திறக்கிற கம்பிக்கு வேர்ட் லைன்னு பேர். பத்தி நெடுக ஓடுற ஜோடிக் கம்பிகள் பிட் லைன்.

இந்தப் பிட் லைன் நீளமானது, நிறைய லாட்ச்சுகளுக்குப் பொதுவானது. அதை நிரப்ப நிறைய மின்னூட்டம் வேணும். லாட்ச்சோ பொடிசு. சும்மா கதவைத் திறந்தா, கம்பியில இருக்கிற மின்னூட்டம் உள்ள பாய்ஞ்சு 0-வை 1-ஆ புரட்டிவிடலாம். அவர் கேட்டது இதைத்தான்.

இதுக்கு என்ன பண்றாங்க? ரெண்டு குடத்தையும் விளிம்பு வரைக்கும் நிரப்பி வெச்சு, எது ஒழுகுதுன்னு பார்க்கிற மாதிரி ஒரு வேலை. முதல்ல ரெண்டு பிட் லைனையும் சமமா உயர் மின்னழுத்தத்துக்கு ஏத்தி, அப்படியே விட்டுடுவாங்க. பிறகு வேர்ட் லைன் கதவைத் திறக்கும். லாட்ச்சுல எந்தப் பக்கம் 0 இருக்கோ, அந்தப் பக்கக் கம்பியோட மின்னூட்டம் லாட்ச் வழியா தரைக்கு வடிய ஆரம்பிக்கும். மறுபக்கம் அப்படியே நிற்கும்.

குடம் காலியாகிற வரைக்கும் காத்திருக்க வேணாம், ஒரு விரல் அளவு இறங்கினாலே தெரிஞ்சிடும். ரெண்டு கம்பிக்கும் நடுவுல சுமார் 100 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்ததும், கீழே இருக்கிற சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் அதைப் பிடிச்சு முழு 0, முழு 1-ஆ ஆக்கிடும். அதுக்குள்ளேயும் ஒண்ணையொண்ணு பிடிச்சு நிற்கிற டிரான்சிஸ்டர் ஜோடிதான். ஒரு லாட்ச்சை இன்னொரு லாட்ச் படிக்குது!

உள்ள இருக்கிற 0 புரளாம இருக்க, தரைக்கு இழுக்கிற டிரான்சிஸ்டரைக் கதவை விட பலமா செய்வாங்க. கதவு வழியா உள்ள வர்றதை விட வேகமா அது வடிச்சிடும். ஆனா எழுதும்போது பிட்டைப் புரட்டியே ஆகணுமே? அதனால மேல இழுக்கிற டிரான்சிஸ்டரைக் கதவை விட பலவீனமா வைப்பாங்க. பிட் லைனை 0-க்கு இழுத்துப் பிடிச்சா லாட்ச் விட்டுக்கொடுத்துடும். டிரான்சிஸ்டர் சின்னதாக ஆக, இந்த பலச் சமநிலையைக் காப்பாத்துறது கஷ்டமாகிட்டே போகுது.

படிக்கிறதுன்னா எட்டிப் பார்க்கிறதுன்னு நான் நினைச்சிருந்தேன். உண்மையில அது தொட்டு, கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறது. அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்குமோ என்னவோ.

நம்ம போன், லேப்டாப்போட மெயின் மெமரியான டிரேம்ல ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும்தான். அங்க படிச்சா நிஜமாவே அழிஞ்சிடும், உடனே திரும்ப எழுதணும். அந்தக் கதை அடுத்த எபிசோட்ல.