குட்டி போட்ட பூனைக்கு ஒரு மூலை

பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது கிழமை. நாள் கணக்கில் 63 முதல் 65 வரை. ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறப்பது வழக்கம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பெட்டைப் பூனைகள் பருவத்துக்கு வருவது மிகக் குறைவு. மட்டக்களப்பு வாவிக்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் கிடப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே எந்த மாதத்திலும் பூனை குட்டி போடும். வாவி நிறைந்து வளவுக்குள் வெள்ளம் ஏறும் கார்த்திகை, மார்கழியிலும் போடும். குட்டிகளுக்கு அதுவே மிகக் கெட்ட காலம்.

பிறந்த குட்டி 100 கிராம் அளவே இருக்கும். கண் திறவாது, காது கேளாது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலு அதற்கு மூன்று, நான்கு கிழமை வரை வராது. தாயின் வயிறும் உடன்பிறந்தவையும் கொடுக்கும் சூடுதான் அதன் உயிர். நனைந்த குட்டி சில மணி நேரத்திலேயே குளிர்ந்துவிடும். குளிர்ந்த குட்டி பால் உறிஞ்சாது. பால் இறங்காத உடம்பு இன்னும் குளிரும். பசியால் செத்தது என்று நினைக்கப்படும் பல குட்டிகள் உண்மையில் குளிரால் செத்தவை.

ஆகவே ஈனும் நாளுக்கு ஒரு கிழமை முன்பே இடம் ஒன்று ஆயத்தமாக வேண்டும். தாய் நீட்டிப் படுக்கவும் குட்டிகள் வெளியே தவழ்ந்துவிடாமல் இருக்கவும் ஏற்ற உயரமான ஓரங்கள் கொண்ட மட்டைப்பெட்டி போதும். அடியில் பழைய சாரமோ பருத்திச் சீலையோ மடித்து விரிக்கலாம். சாக்கும் கம்பளியும் வேண்டாம். பிஞ்சு நகம் இழையில் சிக்கும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் தாழ்ந்த வளவுகளில் பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையிலோ கட்டிலிலோ வைப்பதே பாதுகாப்பு. மேசைக்கால்களின் கீழ் நீர்க்கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. ஈன்ற ஈரத்தின் வாடைக்கு முதலில் வருவது எறும்புதான். தப்பியோடத் தெரியாத குட்டியை அது கொன்றேவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொல்லை வேறு. தகரக் கூரையின் கீழ் பெட்டி வேகும். நிழலும் காற்றும் உள்ள மூலைக்கு அதை மாற்ற வேண்டும்.

ஈனும்போது மனிதர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குட்டிக்குக் குட்டி பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஒவ்வொரு குட்டியோடும் ஒரு நஞ்சுக்கொடி வரும். தாய் அதைத் தின்பதும் குட்டியை நக்கி மூச்செடுக்க வைப்பதும் இயல்பு. அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, துர்நாற்றமுள்ள கழிவு வடிந்தாலோ மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோக வேண்டும். முதல் நாள் சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்பு இருக்கிறது. குட்டியின் குடல் அதை உட்கொள்ளும் வாசல் ஒரு நாளுக்குள் மூடிவிடுகிறது. எனவே பிறந்த அன்றே எல்லாக் குட்டிகளும் முலை பற்றிவிட்டனவா என்று பார்ப்பது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்று ஊரில் சொல்வார்கள். ஏழு என்பது கணக்கல்ல. ஆனால் மாற்றுவது உண்மை. ஈரம், எறும்பு, நாயின் நடமாட்டம், பிஞ்சுக் குட்டிகளைக் கொல்லக்கூடிய கடுவன் பூனை, அடிக்கடி தூக்கிப் பார்க்கும் பிள்ளைகள் ஆகியவையே காரணம். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற அச்சம், பழகிய வீட்டுப் பூனைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. என்றாலும் முதல் கிழமையில் நாளுக்கு ஒரு தடவை எடை பார்த்து, துணி மாற்றி விலகிவிடுவது நல்லது. குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். இரண்டு நாள் கூடாவிட்டால் ஏதோ பிழை.

குட்டியைப் பார்ப்பதென்றால் தாய்க்குச் சாப்பாடு போடுவதுதான். பால் உச்சமாகச் சுரக்கும் மூன்றாம், நான்காம் கிழமைகளில் அதற்கு வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு தீனி வேண்டும். கிண்ணத்தில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். வாவிக்கரையில் பூனைக்கு மீனுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லா மீனும் எப்படியும் கொடுக்கத்தக்கதல்ல. சூடை இனத்தைச் சேர்ந்த பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் பொருள் உண்டு. அவித்தால் அது அழியும். ஆகவே மீனை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வலையில் பட்டு கரையில் எறியப்படும் பேத்தை மீன் நஞ்சு. அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. அதை மண்ணில் ஆழப் புதைப்பது பூனைக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளுக்கும் காப்பு. சோற்றில் மீன் ஆணம் ஊற்றிக் கொடுத்தால் வயிறு நிறையும், பால் ஊறாது. முட்டையும் இறைச்சியும் சேர வேண்டும்.

தாய்க்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பவர்கள் உண்டு. அரைக் குளிசையே பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அப்படியே. பால் கொடுக்கும் பூனை நடுங்கினாலோ, கால் விறைத்து நடந்தாலோ அது கல்சியக் குறைவாக இருக்கலாம். அந்த நேரமே வைத்தியரிடம் போக வேண்டும். முலை கட்டிச் சிவந்து சூடாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

தாயில்லாத குட்டிக்குப் பசுப்பாலோ பால்மாவோ பொருந்தாது. பூனைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலை விட மிக அதிகம். பசுப்பால் வயிற்றோட்டத்தையே தரும். அயலில் வேறொரு பூனை பால் கொடுக்கிறதா என்று தேடுவது முதல் வழி. பூனைகள் பிறர் குட்டியைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை முதல் கிழமையில் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும், கொடுக்க வேண்டும். குளிர்ந்த குட்டிக்கு முதலில் சூடு. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகே வைத்து, உடம்பு சூடேறிய பின்பே பால். குட்டியை மல்லாத்திக் கொடுத்தால் பால் சுவாசப்பைக்குள் போகும். தாயிடம் படுப்பதைப் போலக் குப்புறவே வைக்க வேண்டும். ஊட்டியதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்புறத்தைத் தடவாவிட்டால் சலமும் மலமும் போகாது. தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

கண்கள் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். மூடிய இமை வீங்கிச் சீழ் கட்டினால் வைத்தியம் தேவை. வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுவதால் புழு மருந்தை மூன்றாம் கிழமையளவில் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கலாம். நான்காம் கிழமையில் மசித்த மீன் தொடங்கும். எட்டாம் கிழமையில் பால்குடி மறக்கும்.

விசர்நோய் இலங்கையிலிருந்து இன்னும் ஒழியவில்லை. பூனையும் அதைப் பரப்பும். குட்டிக்கு மூன்று மாதமளவில் தடுப்பூசி போட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மறுபடி சினைப்படும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்றென்று அதன் உடம்பு உருகாது. கண் திறவாத குட்டிகளைப் பையில் கட்டிச் சந்தையடியிலும் மீன்வாடியிலும் விட்டுவரும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பிள்ளைகள் கண்முன்னேயே அது நடக்கிறது. அந்தக் குட்டிகள் அன்றிரவைத் தாண்டுவது அரிது. வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தால் எட்டுக் கிழமைக்கு ஒரு மூலையைக் கொடுங்கள். பிறகு, குட்டிகளை வளர்ப்பவர் கையில் கொடுங்கள்.