ஏ 15, எம் 15, எஃப் 15... விதை அட்டையைப் படிப்பதுபோல் போன் பெட்டியைப் படியுங்கள்!

"சார், என் மச்சான் போனைவிட என் போன்ல நம்பர் பெருசு. ஆனா அவன் போன்ல ஏறுற ஆப் என் போன்ல ஏற மாட்டேங்குது. இது என்னா சார் கணக்கு?"

காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, பொத்தேரி பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நவரை நெல் விற்ற பணத்தில் 9,500 ரூபாய் கொடுத்து, ஜி.எஸ்.டி. சாலையோரக் கடை ஒன்றில் பழைய போன் வாங்கியிருந்தார். பி.எம். கிசான் திட்டத்துக்கான இ-கே.ஒய்.சி.யை முகம் காட்டி வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் வாங்கினார். ஆனால், அதற்கு வேண்டிய ஆதார் முக அடையாளச் செயலி, 'இந்தப் போனுக்குப் பொருந்தாது' என்று சொல்லிவிட்டது. அவர் போன் வந்து பல வருடம் ஆகியிருந்தது. மச்சானுடையது புதியது. எண் பெரிதாக இருந்தால் புதிது என்று நினைத்துவிட்டார்.

பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்து அன்றைக்கே கே.ஒய்.சி.யை முடித்தோம். தவணைப் பணம் தப்பியது. போனுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

பொத்தேரியில் கல்லூரி இருப்பதால் தெருவுக்கு நாலு செல்போன் கடை. மாணவர்கள் நொடியில் மாடலைப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். அதே கடைக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் வரும் விவசாயி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார். இந்தக் கட்டுரை அவருக்காக.

நெல் ரகம் தெரிந்தவருக்கு இது புரியும்

ஏ.டி.டி. 37, கோ 51, டி.கே.எம். 13. இதைப் பார்த்ததும் நம் விவசாயிகள் குழம்புவதில்லை. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். எழுத்து, ரகம் எங்கே பிறந்தது என்று சொல்கிறது. எண், அந்த நிலையத்தில் எத்தனையாவதாக வந்தது என்று சொல்கிறது. 51 பெரிய எண் என்பதற்காக, இட்லி அரிசிக்கு ஏ.டி.டி. 37 போடுகிறவர் கோ 51-க்கு மாறிவிடுவதில்லை. 130 நாள் ரகமான டி.கே.எம். 13-ஐச் சம்பாவுக்கு வைத்துக்கொண்டு, நவரைக்குக் குறுகிய வயது ரகம் தேடுகிறோம். பருவத்தையும் வயதையும் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து விதை வாங்குகிறவர் நம்மில் யாருமில்லை.

போனிலும் அப்படித்தான். எழுத்துக்கு ஓர் அர்த்தம், எண்ணுக்கு ஓர் அர்த்தம் உண்டு. அதைப் பிரித்துப் படிக்க யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இத்தனை மாடல்?

இதே பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை ஓடியது. அந்தக் காலத்தில், 2003-ல் வந்த நோக்கியா 1100 போனைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். தலையில் டார்ச் விளக்கு வைத்த போன். ராத்திரி மோட்டார் போடப் போகிறவர்கள் கையில் அதுதான் இருக்கும். மாடல் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இன்று ஒவ்வொரு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் விலை இடைவெளிக்கும் ஒரு மாடல் இருக்கிறது. கடையில் விற்க ஒன்று, இணையத்தில் விற்க ஒன்று. 4ஜி-க்கு ஒன்று, 5ஜி-க்கு ஒன்று. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் பெயர் மாறிவிடும். எல்லோருக்கும் தெரிந்த சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி வரிசையை வைத்தே இதைப் பார்ப்போம்.

முதலில் எழுத்து

எஸ்: 2010-ல் தொடங்கிய உயர் விலை வரிசை. 2020-ல் வந்தது எஸ் 20, 2024-ல் வந்தது எஸ் 24, 2025-ல் வந்தது எஸ் 25. இதில் எண்ணே வருடத்தைச் சொல்லிவிடும்.

இசட்: மடக்கும் போன். வயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுவோம்.

ஏ: கடைகளில் அதிகம் கிடைக்கும் வரிசை. குறைந்த விலை முதல் நடுத்தர விலை வரை உண்டு.

எம்: 2019 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமானது. இணைய விற்பனைக்காக, பெரும்பாலும் அமேசான் வழியாக விற்க வந்தது.

எஃப்: 2020 அக்டோபரில் எஃப் 41 மாடலுடன் தொடங்கியது. இது ஃபிளிப்கார்ட்டில் விற்க வந்தது.

ஜே: பழைய வரிசை. ஜே 7 என்ற ஒரே பெயரில் ஜே 7 பிரைம், ஜே 7 புரோ, ஜே 7 மேக்ஸ், ஜே 7 நெக்ஸ்ட், ஜே 7 டுயோ என்று வரிசையாக வந்தன. 2019-ல் ஏ வரிசை இதன் இடத்தை எடுத்துக்கொண்டது. யாராவது ஜே மாடலை 'நல்ல கண்டிஷன்' என்று விற்க வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பிறகு எண்

ஏ வரிசையின் இரண்டு இலக்க எண்ணைச் சேர்த்துப் படிக்காதீர்கள். பிரித்துப் படியுங்கள். முதல் இலக்கம் தரம். இரண்டாவது இலக்கம் தலைமுறை.

ஏ 55 என்பதில் 5 தரம், அடுத்த 5 தலைமுறை. ஏ 15 என்பதில் 1 தரம், 5 தலைமுறை. இரண்டும் ஒரே சமயத்துப் பிள்ளைகள். ஒன்று விலை அதிகம், ஒன்று விலை குறைவு. கடைசி இலக்கம் 0 என்றால் 2019 வாக்கில் வந்தது. 1 என்றால் 2020, 2 என்றால் 2021, 3 என்றால் 2022, 4 என்றால் 2023, 5 என்றால் 2024. சில மாதம் முன்பின் இருக்கலாம்.

இப்போது ஏ 71-ஐயும் ஏ 15-ஐயும் பக்கத்தில் வையுங்கள். 71 பெரிய எண். ஆனால் அது 2020-ல் வந்தது. வந்தபோது அது உயர்ந்த தரம்தான். இன்று அதற்கு வயதாகிவிட்டது. நம் நண்பர் சறுக்கியதும் இந்த மாதிரிக் கணக்கில்தான்.

புதிய தலைமுறையில் எல்லாமே கூடும் என்றும் நினைக்க வேண்டாம். ஏ 35-ல் மெமரி கார்டு போட இடம் இருந்தது. அடுத்து வந்த ஏ 36-ல் இல்லை.

ஒரே எண், மூன்று எழுத்து

ஏ 15 5ஜி, எம் 15 5ஜி, எஃப் 15 5ஜி. மூன்றிலும் மூளையாக இருக்கும் சிப் ஒன்றே: மீடியாடெக் டைமென்சிட்டி 6100 பிளஸ். மூன்றிலும் முக்கிய கேமரா 50 மெகாபிக்சல். பெரிய வித்தியாசம் பேட்டரியில் இருக்கிறது. ஏ 15-ல் 5000 எம்.ஏ.எச்., எம் 15-லும் எஃப் 15-லும் 6000 எம்.ஏ.எச்.

அறிமுகமான விலையைப் பாருங்கள். 2023 டிசம்பரில் ஏ 15 5ஜி, 8 ஜி.பி. ரேமுடன் 19,499 ரூபாய். 2024 மார்ச்சில் எஃப் 15 5ஜி, 4 ஜி.பி. ரேமுடன் 12,999 ரூபாய். இடைவெளியில் ஒரு பகுதி ரேமுக்கானது. மீதி, கடை வழி விற்பனைக்கும் இணைய வழி விற்பனைக்கும் உள்ள வித்தியாசம். விடியற்காலை கொல்லைக்குப் போனால் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு, விலை குறைந்த எம், எஃப் போன்களின் பெரிய பேட்டரிதான் கூடுதல் பயன் தரும்.

கடையில் வாங்குவதிலும் ஒரு நன்மை உண்டு. கையில் பிடித்து, வெயிலில் நின்று திரை தெரிகிறதா என்று பார்த்து வாங்கலாம். கோளாறு வந்தால் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கும். அந்த வசதிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். தெரிந்து கொடுத்தால் தப்பில்லை.

பெட்டியின் அட்டையைப் படியுங்கள்

சான்று பெற்ற விதை மூட்டையில் நீல அட்டை பார்க்கிறோம். ரகம், குவியல் எண், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். மூட்டையில் அச்சடித்த படத்தை யாரும் நம்புவதில்லை. போன் பெட்டியிலும் அப்படி ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மாடல் எண். ஆங்கிலத்தில் எஸ்.எம். என்று தொடங்கும். ஏ 15-ன் 4ஜி போன் எஸ்.எம்.-ஏ155; 5ஜி போன் எஸ்.எம்.-ஏ156. ஏ 14, ஏ 16 மாடல்களிலும் இப்படியே: மூன்றாவது இலக்கம் 5 என்றால் 4ஜி, 6 என்றால் 5ஜி. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை வேறு வேறு போன்கள். ஏ 14-ல் 4ஜி-க்கு ஒரு சிப், 5ஜி-க்கு வேறு சிப். இன்னொரு வேடிக்கை: எஃப் வரிசையின் பெரும்பாலான மாடல் எண்களில் எஃப் இருக்காது, ஆங்கில 'இ' இருக்கும். எஃப் 15 என்றால் எஸ்.எம்.-இ156.

இரண்டாவது, ரேமும் சேமிப்பும். '4+4' என்று சொன்னால் 8 ஜி.பி. என்று எண்ண வேண்டாம். உண்மையான ரேம் 4 ஜி.பி.தான், மீதி, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. சேமிப்பு 128 ஜி.பி.யாவது இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களே அதைப் பாதி நிரப்பிவிடும்.

மூன்றாவது, தயாரித்த மாதமும் வருடமும். அதோடு அதிகபட்ச விற்பனை விலை.

நான்காவது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். இப்போது பல மாடல்களில் சார்ஜர் தருவதில்லை. அதற்குத் தனியாகச் செலவாகும்.

காலாவதி நாள் எங்கே?

அட்டையில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது. போன் நிறுவனம் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தரும்? அது நின்ற பிறகு போன் பேசும், படம் எடுக்கும். ஆனால், காலப்போக்கில் வங்கிச் செயலிகளும் அரசுச் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும்.

ஏ 15-க்கு 5 வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். ஏ 16 5ஜி-க்கு 6 வருடம். எஸ் 24-க்கு 7 வருடம். இந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. விதைக்கும் பரிசோதித்த நாளிலிருந்துதானே கெடு எண்ணுகிறோம்? 5 வருடம் என்று சொன்ன போனை, அது வந்து மூன்று வருடம் கழித்து வாங்கினால், உங்களுக்கு மிச்சம் 2 வருடம்தான். 1,500 ரூபாய் தள்ளுபடியைவிட இந்த 3 வருட நஷ்டம் பெரிது.

மற்ற நிறுவனங்கள்?

கதை அதேதான். ரெட்மியில் வெறும் எண் ஒரு தரம், 'நோட்' என்று சேர்ந்தால் அதற்கு மேல். ரெட்மி 13சி-யும் போக்கோ சி65-உம் ஏறக்குறைய ஒரே போன், பெயர் வேறு. விவோவில் ஒய் குறைந்த விலை, வி நடுத்தரம், எக்ஸ் உயர்ந்த விலை. எந்த நிறுவனமானாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த எழுத்து என்ன தரம்? எந்த வருடம் வந்தது? எதுவரை அப்டேட்?

வாசகர்கள் கேட்பவை

*எனக்கு ஸ்மார்ட்போன் அவசியமா?*

ஓ.டி.பி. வருவதற்கும், வியாபாரியிடம் பேசுவதற்கும், மொபைல் ஸ்டார்ட்டரில் மோட்டார் போடுவதற்கும் பட்டன் போனே போதும். சந்தேகம் கேட்க 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்கு எந்தப் போனிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழில் பேசுவார்கள். உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிவு செய்ய, விலை நிலவரம் பார்க்க, பூச்சி தாக்கிய இலையைப் படம் எடுத்து அனுப்ப ஸ்மார்ட்போன் உதவும். வீட்டில் பிள்ளைகளிடம் ஒன்று இருந்தால், அதிலேயே செய்துகொள்ளலாம். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

*தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாமே?*

ஐ.பி.67 என்று இருந்தால் தூசிக்கும், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரத்துக்கும் தாங்கும்படி சோதித்தது என்று அர்த்தம். ஏ 35-ல் அது உண்டு. எம் 35-ல் இல்லை. ஐ.பி.54 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். மருந்துத் தண்ணீருக்கும், மாமல்லபுரம் பக்கத்து உப்புத் தண்ணீருக்கும் இந்த உறுதி எதுவும் செல்லாது.

*பழைய போன் வாங்கலாமா?*

வாங்கலாம், பார்த்து வாங்கினால். *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று தட்டி, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு குறுஞ்செய்தி அனுப்புங்கள். போனின் மாடல் விவரம் வரும். கையில் இருக்கும் போனும் பதிலில் வரும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பிறகு, அமைப்புகளில் 'ஃபோன் பற்றி' என்ற இடத்தில், பாதுகாப்பு அப்டேட் கடைசியாக வந்த தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழைய தேதியாக இருந்து, புதிதாகத் தேடினாலும் அப்டேட் எதுவும் வரவில்லை என்றால் வேண்டாம். உங்களுக்குத் தேவையான செயலியைக் கடையிலேயே ஏற்றிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இந்தக் கடைசி ஒன்றைச் செய்திருந்தால் நம் நண்பரின் 9,500 ரூபாய் தப்பியிருக்கும். நாலு விதையை ஈரத் துணியில் முடிந்து முளைப்பு பார்த்துவிட்டு நாற்றங்கால் விடுகிற கை அவருடையது. அடுத்த முறை போன் கடையிலும் அந்தக் கை அப்படியே செய்யும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.