கரியாலூரில் கடைசி வருஷ போட்டோ: பாறை வேண்டாம், மர நிழல் போதும்!

கள்ளக்குறிச்சி,
பிளஸ்–2 பரீட்சை நெருங்கினால் போதும். "பிரியப் போறோம், ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று மாணவ–மாணவிகள் கிளம்பி விடுகிறார்கள்.

முன்பெல்லாம் இது பள்ளி மைதானத்தோடு முடிந்து விடும். ஸ்டூடியோக்காரர் முக்காலியில் காமிராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். பெஞ்சில் ஆசிரியர்கள், பின்னால் மாணவர்கள். "அசையாதே!" என்று ஒரு அதட்டல். படத்தில் சிரித்த முகத்தைத் தேடத்தான் வேண்டும்.

கடைசி வகுப்புப் பிள்ளையைத் தனியாக வெளியிடத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். செல்போன் வந்த பிறகு நம்மூர் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு கல்வராயன்மலை பக்கத்திலேயே இருக்கிறதே!

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி. கரியாலூரில் படகுத்துறை, பூங்கா. 2 ஆயிரம், 3 ஆயிரம் அடி உயரம். காற்றே தனி!

அப்பாவுக்கு அபராதம்

முதல் கவனிப்பு வண்டியில். பிளஸ்–2 பிள்ளைக்கு வயது 17. கியர் வைத்த மோட்டார் சைக்கிளுக்கு 18 முடிந்தால்தான் லைசென்ஸ். 2019–ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு ரூ.25 ஆயிரம் அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில். வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்து. ஒரு போட்டோவுக்கு இந்த விலையா? பேசாமல் பஸ் ஏறுங்கள். பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

அடுத்தது அருவிப் பாறை. பாசி பிடித்த பாறையில் பழகிய காலே வழுக்கும். படம் எடுப்பவர் கண் திரையில் இருக்கும். "இன்னும் ஒரு அடி பின்னால போடா" என்பார். அந்த ஒரு அடிதான் எமன்! அருவி படத்தில் வேண்டுமானால் ரோட்டோரம் நின்று, தூரத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள்.

12 மணி வெயில் எதிரி

உச்சி வெயிலில் எடுத்தால் கண் இரண்டும் குழி விழுந்த மாதிரி இருக்கும். காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் நல்லது. மாலையில் மலை சீக்கிரம் இருட்டி விடும். கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பகலில்தான் முடியும் என்றால் மர நிழலின் ஓரம் போதும். முகம் வெளிச்சமான பக்கம் பார்க்கட்டும். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டு போனால் மூக்கு பெரிதாகும். நாலடி தள்ளி நின்று, கண் உயரத்தில் பிடியுங்கள். லென்சைத் துடைக்கவும் மறக்காதீர்கள். பாதிப் படம் மங்கலாவது கை எண்ணெயால்தான்!

நாலு சட்டை, ஏழு இடம் என்று அலைந்தால் பிள்ளை முகம் வாடி விடும். ஒரே இடம், பிடித்த சட்டை ஒன்று, யூனிபார்ம் ஒன்று. கொண்டை ஊசி வளைவில் குமட்டும், காலை சாப்பாடு குறைவாக இருக்கட்டும். மேலே போனதும் அரை மணி நேரம் காமிராவையே எடுக்க வேண்டாம். டீ குடிக்கட்டும், நடக்கட்டும், கூட வந்த தோழனோடு வம்பளக்கட்டும். அப்புறம் எடுங்கள். "சிரிடா, சிரிடா" என்று அம்மா சொல்லச் சொல்ல, வருகிற சிரிப்பும் போய் விடும்!

ஸ்டூடியோக்காரரை அழைத்துப் போனால், பெண் பிள்ளை படத்தை விளம்பரத்துக்குப் போடக்கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசி விடுங்கள். மலை ஜனங்களின் வீட்டு வாசலில் நின்று எடுப்பதானால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாத்தாவும் நிற்கட்டும்

மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு பஸ் செலவும் இல்லை. ஆசிரியரின் செல்போன் ஒன்று போதும். இவர்கள் மலையாளி பழங்குடியினர் (கேரளாக்காரர்கள் அல்ல). 1976 வரை இந்த மலையில் ஜாகிர்தார் முறை இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று 60, 70 வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகள்.

பிளஸ்–2 முடிக்கும் பேரன் யூனிபார்மில் நிற்க, பக்கத்தில் அந்தத் தாத்தாவை உட்கார வைத்து ஒரு படம். செல்போனிலேயே விட்டு வைக்காமல் கள்ளக்குறிச்சியில் 2 காப்பி பிரிண்ட் போட்டு, ஒன்றைத் தாத்தா கையில் கொடுங்கள்.