எந்திரன் வந்தானா, வந்ததா?

அறிவியலின் வாய்ப்புகளைக் கற்பனையால் விரித்துக் கூறுவது அறிவியல் புனைகதை. பேசும் எந்திரம், காலத்தைக் கடக்கும் கருவி, வேற்றுக் கோளில் வாழும் உயிர் ஆகியவை அதன் பாடுபொருள்கள். மேலைநாடுகளில் இக்கதைகளின் ஆர்வலர்கள் ஒன்றுகூடித் தாமே பாட்டுக் கட்டிப் பாடுவர். அவ்விசைக்கு 'ஃபில்க்' என்று பெயர். நாட்டுப்புற இசையைக் குறிக்கும் 'ஃபோக்' என்னும் சொல்லில் நேர்ந்த எழுத்துப்பிழையே அப்பெயராக நிலைத்தது.

தமிழில் அவ்விடத்தைப் பெரிதும் திரையிசை நிரப்பியுள்ளது. அப்பாடல்கள் இன்று இணையத்தின் வழியே எவ்வூரிலும் கேட்கக் கிடைக்கின்றன. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ராக்கெட் ஒன்று விண்ணில் பாய்ந்தது. அந்தத் தும்பாவைத் தன்னகத்தே கொண்ட திருவனந்தபுரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இத்தகைய பாடல்கள் எளிதில் இனிக்கும். அவற்றைத் தாளத்துக்காக மட்டுமன்றிச் சொல்லுக்காகவும் கேட்டால், தமிழின் தனித்தன்மை ஒன்று புலப்படும்.

மலையாளத்தில் அவன், அவள், அது ஆகிய மூன்றுக்கும் 'வந்நு' என்னும் ஒரே வினை பொருந்தும். ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தது என வினையின் ஈறு மாறும். ஆகவே மனிதனைப் போலப் பேசி நடக்கும் எந்திரத்தைக் குறிப்பிடும்போது, 'வந்தது' என்பதா, 'வந்தான்' என்பதா என்று தமிழர் முடிவு செய்தாக வேண்டும். அஃது உயர்திணையா, அஃறிணையா என்னும் வினா அங்கே எழுகிறது.

இவ்வினாவுக்கு ஒரு திரைப்படத்தின் பெயரே விடை கூறுகிறது. 2010ஆம் ஆண்டு ஷங்கர் இயக்கத்தில் 'எந்திரன்' வெளிவந்தது. 'எந்திரம்' பழஞ்சொல், கரும்பு பிழியும் ஆலையைப் புறநானூறு அச்சொல்லால் குறிக்கிறது. அஃறிணைப் பெயராகிய அதன் ஈற்று 'அம்' நீங்கி, 'அன்' என்னும் ஆண்பால் விகுதி சேர்ந்ததும் 'எந்திரன்' பிறந்தான். அப்படத்தில் சிட்டி என்னும் எந்திரன் முதலில் சொன்னதை மட்டும் செய்கிறான். பின்னர் உணர்வு பெற்றுக் காதலும் கொள்கிறான். கதை எழுப்பும் கேள்வி முழுவதும் அந்த ஒரு விகுதிக்குள் அடங்கியிருக்கிறது.

படத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். 'புதிய மனிதா' என்னும் பாடல் வைரமுத்து எழுதியது. 'மனிதன்' என்பது அழைக்கும்போது 'மனிதா' எனத் திரியும். இது விளி வேற்றுமை. எந்திரத்தை மனிதனாகவே விளிக்கிறது அப்பாடல். 'இரும்பிலே ஒரு இருதயம்' என்னும் பாடலை எழுதியவர் மதன் கார்க்கி. அவர் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இவர்களுக்கு முன்பே எழுத்தாளர் சுஜாதா தம் அறிவியல் புதினத்துக்கு 'என் இனிய இயந்திரா' எனப் பெயரிட்டார். 'இயந்திரா' என்பதும் விளியே.

இவ்வாறு திணை மாற்றிச் சொல்வது இலக்கணப் பிழையன்று. உவப்பு, உயர்வு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை நன்னூல் ஏற்கிறது. வளர்த்த பசுவை அன்பு மிகுதியால் தாய் என்று அழைத்து, 'வந்தாள்' என்று சொல்வது அவ்வகையே. இதனைத் திணை வழுவமைதி என்பர். பசுவுக்கு அன்று கிடைத்த உரிமை எந்திரத்துக்கு இன்று கிடைத்துள்ளது.

2024ஆம் ஆண்டு வெளிவந்த 'அயலான்' படத்துக்கும் ரகுமானே இசையமைத்தார். வேற்றுக் கோளிலிருந்து வரும் உயிர் ஒன்று, தமிழ் என்னும் பெயருடைய இளைஞனின் நட்பைப் பெறுவதே அதன் கதை. 'அயல்' என்பதற்குப் பக்கம் என்றும், வேற்றிடம் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் 'அயல்க்காரன்' என்றால் அண்டைவீட்டுக்காரன். கேரளத்துக் குடும்பஸ்ரீ அமைப்பில் அண்டைவீட்டுப் பெண்கள் கூடும் குழுவுக்கு 'அயல்க்கூட்டம்' என்று பெயர். தொலைவிலிருந்து வந்தவரும் பக்கத்தில் வாழ்பவரும் ஒரே சொல்லுக்குள் இடம்பெறுகின்றனர். ஊர்விட்டு வந்து வாழும் குடும்பங்கள் இவ்விரு பொருளையும் வாழ்வில் அறிந்தவை.

நாள்முழுதும் மலையாளமும் ஆங்கிலமும் பழகும் நாவில், தமிழ் வினைகளின் ஈறுகள் மெல்லத் தேய்ந்துபோகக் கூடும். ஈறு தேய்ந்தால் 'வந்தது', 'வந்தான்' என்னும் வேறுபாடு மறையும். எந்திரம் எந்திரனாகும் வியப்பும் உடன் மறையும். விருப்பமான பாடலை அடுத்தமுறை கேட்கும்போது, அதில் வரும் வினைச்சொற்களின் ஈறுகளைக் குறித்துக்கொள்க. அப்பாடல் எவரை உயர்திணையில் வைக்கிறது, எதனை அஃறிணையில் நிறுத்துகிறது என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.